கமிலா சோல் பாடுவதை நிறுத்திய பிறகு

பேர்லின்
14 பெப்ரவரி 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு வருசத்துக்குப் பிறகு எழுதிறன். போன் எடுத்தால் என்ர குரல் கேட்ட உடனே வைச்சிடுவீங்கள் எண்டு தெரியும். கடிதமெண்டால் கிழிக்க முந்தி ரெண்டு வரியாவது கண்ணில படும். தமிழ் எழுதிக் கனகாலம். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நல்லாயிருக்கிறன் எண்டு எழுதத்தான் தொடங்கினனான். ரெண்டு தாளைக் கசக்கிப் போட்டிட்டன். நல்லாயில்லை.

மூண்டாவது அல்பம் போன செப்டெம்பரில வந்தது. நீங்கள் கேட்டிருக்க மாட்டீங்கள். ஒருத்தருமே கேக்கேல்லை. முதல் பாட்டு வந்த கோடையில பெற்றோல் ஸ்டேசனில, நீச்சல் குளத்தில, தலைமயிர் வெட்டுற கடையில எல்லாம் என்ர குரல்தான். இந்த முறை பதினாலு நகரத்தில கச்சேரி போட்டு, பதினொண்டை நிப்பாட்டிப் போட்டினம். டோர்ட்முண்டில முன்னுக்கு நிண்ட கொஞ்சப் பேரும் அந்தப் பழைய பாட்டைத்தான் பாடச் சொன்னவை. போன மாசம் பாட்டுக் கொம்பனி ஒப்பந்தத்தை முடிச்சிட்டுது. கூப்பிட்டுக்கூடச் சொல்லேல்லை, ஒரு மின்னஞ்சல். ‘அன்பின் கமிலா’ எண்டு தொடங்கியிருந்தது.

இனி நான் கேக்க வந்ததைச் சொல்லுறன். கோபத்தோட எண்டாலும் கடைசி மட்டும் வாசியுங்கோ.

என்ர மனேஜர் யூலியா ஒரு வழி சொல்லுறா. கொலம்பியாப் பெட்டை கமிலா சோல் எண்டு சனம் நம்பினது பொய், அவள் ஸ்டுட்கார்டில பிறந்த யாழ்ப்பாணத்து அகதிக் குடும்பத்துப் பிள்ளை கம்சனா எண்டு நாங்களே முந்திக்கொண்டு சொல்லுவம் எண்டு. ஒரு ஆவணப்படம். பிறகு கம்சனா எண்ட பேரில புது அல்பம். ரீவிக்காரர் ஓம் எண்டிட்டினம். ஆனா அவைக்கு அம்மா வேணும். எங்கட வீடு வேணும். அப்பா கோப்பை கழுவின ரெஸ்ரோரண்ட் குசினி வேணும்.

இனியாவது உண்மையைச் சொல்லுவம் எண்டு நினைக்கிறன். அம்மாட்டைக் கேட்டுச் சொல்லுவீங்களோ?

உங்கட தங்கச்சி
கம்சனா

*

ஸ்டுட்கார்ட்
2 மார்ச் 2023

கம்சனா,

கடைசி மட்டும் வாசிச்சன். ரெண்டு தரம் வாசிச்சன். அம்மாவுக்குக் காட்டேல்லை. காட்டவும் மாட்டன்.

உனக்குத் தெரியாத ஒண்டைச் சொல்லுறன். 2015ஆம் ஆண்டு, உன்ர பாட்டு எல்லா இடமும் போட்ட நேரம், அப்பாவோட வேலை செய்த துருக்கிக்கார மனிசன் ஒரு சஞ்சிகை கொண்டு வந்தவர். அதில உன்ர பெரிய படம். பக்கத்தில, தாயும் தகப்பனும் போகொட்டாவில கார் விபத்தில செத்துப் போச்சினம், தனியா வளர்ந்த பிள்ளை எண்டு எழுதியிருந்தது. அந்த மனிசன் உன்னை எங்கட வீட்டில சின்னனில கண்டவர். ‘உமாபதி, இது உன்ர மகளெல்லோ’ எண்டு கேட்டிருக்கிறார். அப்பா ஈரக் கையைத் துடைச்சுப்போட்டுப் படத்தைப் பார்த்திட்டு, ‘இல்லை, என்ர மகளைப் போல கிடக்கு’ எண்டு சொல்லியிருக்கிறார்.

வீட்டை வந்து எங்களுக்கும் அதைத்தான் சொன்னவர். ‘நான் ஓம் எண்டு சொன்னா பிள்ளையின்ர பிழைப்புப் போயிடும்.’ பிறகு சாப்பிட இருந்தவர். சாப்பிட்டவர். நான் பக்கத்தில இருந்து பார்த்தனான்.

நாலு வருசம் கழிச்சு அப்பா உண்மையாவே செத்தார். நீ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து மண்டபத்தில கடைசி வரிசையில நிண்டாய். சவக்காலைக்காரன் வந்து, குடும்பமெண்டால் முன்னுக்கு வாங்கோ எண்டான். நீ ஜெர்மனில ‘நான் அயலட்டை, பக்கத்து வீட்டுக்காரி’ எண்டு சொன்னாய். அம்மா மூண்டு வரிசை தள்ளித்தான் இருந்தவ. அவவுக்கு அந்தளவு ஜெர்மன் விளங்கும்.

அதாலதான் இனி இஞ்ச வராதே எண்டு சொன்னனான்.

முதல் அப்பாவைச் சாகடிச்சுப் பாட்டு வித்தாய். இப்ப எழுப்பிக் கொண்டு வந்து விக்கப் போறியோ? உண்மை எண்டு எழுதியிருக்கிறாய். அல்பம் நல்லாப் போயிருந்தா உனக்கு இந்த உண்மை ஞாபகம் வந்திருக்குமோ?

ஏலாது.

சந்திரகாந்தி

*

பேர்லின்
20 மார்ச் 2023

அக்கா,

அப்பா அப்படிச் சொன்னவர் எண்டு எனக்குத் தெரியாது. உங்கட கடிதத்தைப் பையில வைச்சுக்கொண்டு ரெண்டு கிழமை திரிஞ்சன். ரெயினில ஒருக்கா எடுத்து வாசிச்சு, இறங்க வேண்டிய இடத்தை விட்டிட்டன்.

அல்பம் நல்லாப் போயிருந்தா நான் எழுதியிருக்க மாட்டன். அது உண்மைதான்.

ஆனா என்ர பக்கத்தையும் ஒருக்காக் கேளுங்கோ. எனக்கு அப்ப இருபத்திநாலு வயசு. பள்ளிக்கூடத்தில படிச்ச ஸ்பானிஷில ஒரு போட்டியில பாடினனான். இந்த நிறமும் இந்தத் தலைமயிரும் இருந்தால் ஆருக்கும் கொலம்பியா எண்டுதான் தெரியும் எண்டு கொம்பனிக்காரர் சொல்லிச்சினம். தாய் தகப்பனைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லுறது எண்டு நான் கேட்டனான். அதுக்கும் அவையே கதை எழுதித் தந்தவை. முதல் பேட்டியில நான் வாயே திறக்கேல்லை, பக்கத்தில இருந்தவர்தான் சொன்னவர். ரெண்டாவது பேட்டியில நானே சொன்னனான். மூண்டாவதில அழுதும் காட்டினனான்.

அப்பாவின்ர செத்தவீட்டில வெளியில ஒருத்தன் கமெராவோட நிண்டவன். அவன் எனக்காக வந்தவனோ தெரியாது. பயத்தில வாயில வந்தது அது. இதைச் சொல்லித் தப்பப் பார்க்கேல்லை.

எனக்கு முப்பத்திரெண்டு வயசாகுது. பாட்டைத் தவிர ஒரு வேலையும் தெரியாது, ஒரு தொழிற்படிப்பும் முடிக்கேல்லை. இந்தப் படத்தை விட்டால் நான் முடிஞ்சன். அது என்ர கதையும்தானே அக்கா? நீங்கள் ஓம் சொல்லாட்டியும் நான் தனியச் செய்யலாம் எண்டு யூலியா சொல்லுறா. அம்மாவின்ர பழைய படம் ஒண்டு என்னட்டை இருக்கு. அது போதுமாம்.

கம்சனா

*

ஸ்டுட்கார்ட்
28 மார்ச் 2023

கம்சனா,

செய். நான் வழக்குப் போட மாட்டன்.

ஒண்டு மட்டும் தெரிஞ்சுகொண்டு செய். அம்மாவுக்கு ரெண்டு சிறுநீரகமும் வேலை செய்யேல்லை. ஒன்றரை வருசமா டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம். பெரிய அறை, எட்டுக் கட்டில், முன்னுக்கு ஒரு ரீவி. அதில போறதை எல்லாரும் பார்க்கத்தான் வேணும். உன்ர படமும் அதில போகும். அம்மா கையில ஊசியோட படுத்திருந்து பார்ப்பா. மற்ற ஏழு பேரும் திரும்பி அவவைப் பார்ப்பினம். எழும்பி வெளியில போக ஏலாது.

சந்திரகாந்தி

*

பேர்லின்
19 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஏப்ரலிலேயே படம் வேண்டாமெண்டு சொல்லிட்டன். உடனே எழுதியிருந்தால், உங்களிட்டை நல்ல பேர் வாங்க எழுதின மாதிரி இருந்திருக்கும். அதால விட்டிட்டன்.

யூலியா கோவிக்கேல்லை. ‘அப்ப எனக்கு இஞ்ச வேலையில்லை’ எண்டு சொல்லிட்டுப் போயிட்டா. எட்டு வருசம் ஒண்டாச் சாப்பிட்ட மனிசி. நல்லாப் போற இன்னொரு பாட்டுக்காரியோட இப்ப வேலை செய்யிறா. பிழை சொல்ல ஏலாது.

நான் பெரிய வீட்டை விட்டிட்டு நொய்கோல்ன் பக்கம் ஒரு அறைக்கு வந்திட்டன். ஒரு வெதுப்பகத்தில காலமை பாண் விக்கிறன். ஒருநாள் ஒரு மனிசி என்னையே பார்த்துக்கொண்டு நிண்டு, ‘நீங்கள் அந்த...’ எண்டு தொடங்கினவ. இல்லை, அவவைப் போல இருக்கிறன் எண்டு சொன்னன். அப்பாவின்ர வாயில வந்த சொல்லு. உள்ளுக்குப் போய்க் கையைக் கழுவிற மாதிரிக் கனநேரம் நிண்டன்.

போன மாசம் ஒரு விசயம் நடந்தது. எலேனா எண்டு ஒரு சிலி நாட்டு மனிசி, எழுபத்தெட்டு வயசு. ராணுவ ஆட்சிக்குத் தப்பி எழுபதுகளில கிழக்கு பேர்லினுக்கு வந்தவ. புருசன் செத்திட்டார். சவ அடக்கத்தில ஸ்பானிஷில பாட ஆள் வேணுமெண்டு ஆரோ சொல்லி என்னைத் தேடிப் பிடிச்சிருக்கிறா. உண்மையான லத்தீன் சனத்துக்கு முன்னால நான் ஒருநாளும் பயமில்லாமல் பாடினதில்லை. வர ஏலாது எண்டு சொல்லத்தான் போனனான்.

அவ கதவைத் திறந்த உடனே சொன்னா, ‘நீ எங்கட ஆள் இல்லை எண்டு எனக்குத் தெரியும். வானொலியில முதல் பாட்டைக் கேட்டப்பவே தெரியும். உன்ர உச்சரிப்புப் பள்ளிக்கூடத்து உச்சரிப்பு.’

‘பிறகேன் என்னைக் கூப்பிட்டீங்கள்?’

‘அவருக்கு உன்ர குரல் பிடிக்கும். உன்ர கடவுச்சீட்டைப் பார்த்திட்டு அவர் பாட்டுக் கேக்கேல்லை.’

பிறகு என்ர சொந்தப் பேர் என்னெண்டு கேட்டா. சொன்னன். ரெண்டு மூண்டு தரம் சொல்லிப் பார்த்தா. அடக்கத்தில பாதிரியாரும் இல்லை, ஒண்டுமில்லை. பதினைஞ்சு பேர். என்னைக் கம்சனா எண்டு சொல்லித்தான் பாடக் கூப்பிட்டா. மைக் இல்லை, வெளிச்சம் இல்லை, பின்னால தாளம் இல்லை. அந்த ஆக்களின்ர மூச்சுக் கேட்டது. பாடி முடிய ஒருத்தரும் கை தட்டேல்லை. எனக்கு அது நல்லாயிருந்தது.

அதுக்குப் பிறகு இன்னும் நாலு அடக்கத்துக்குக் கூப்பிட்டிட்டினம்.

அம்மா எப்படி?

கம்சனா

*

ஸ்டுட்கார்ட்
10 செப்டெம்பர் 2023

கம்சனாவுக்கு,

பிந்தி எழுதிறன். இஞ்ச வேலை கூட. எங்கட முதியோர் இல்லத்தில ரெண்டு பேர் லீவில. தொடர்ந்து பன்னிரெண்டு நாள் வேலை செய்தன்.

படம் வேண்டாமெண்டு நீ சொன்னது நல்லது. அதுக்கு நன்றி எண்டு எழுத மனம் வரேல்லை. ஆனா நல்லது.

அம்மாட்டை உன்ர கடிதத்தைப் பற்றிச் சொன்னனான். இப்ப செத்தவீடுகளில பாடுறாள் எண்டு. ‘செத்தவீட்டில பாடிச் சம்பாதிக்கிறாளோ’ எண்டு மட்டும் கேட்டா. பிறகு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டா. அவவுக்கு அது வெக்கக்கேடு. எனக்கு அப்படித் தெரியேல்லை. இந்தப் பதினெட்டு வருச வேலையில எத்தினை பேர் தனியச் சாகிறதைக் கண்டிட்டன். பெட்டி போகேக்க பின்னால நான் மட்டும் நடந்த நாளும் இருக்கு. அந்த நேரம் ஆராவது பாடினால் நல்லம்தான்.

அம்மாவுக்குக் கால் வீங்குது. உப்பு, பழம், தண்ணி எல்லாம் அளவு. ஒரு மாம்பழத் துண்டுக்கு என்னோட சண்டை பிடிக்கிறா.

நீ சாப்பிடுறியோ? பாண் விக்கிற இடத்தில பாணை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு இருக்காதே.

சந்திரகாந்தி

*

பேர்லின்
4 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லாச் சாப்பிடுறன். நேற்றுப் பருப்பும் கீரையும் வைச்சனான். பருப்பு அடிப்பிடிச்சுப் போச்சு.

ஒரு அல்பம் செய்திருக்கிறன். பயப்பிடாதேங்கோ, முந்தின மாதிரி இல்லை. லைப்சிக்கில ரெண்டு பேர் நடத்திற சின்னக் கொம்பனி. அடக்கங்களில நான் பாடுற பாட்டுகள்தான், எல்லாம் ஸ்பானிஷ். ஒரு கிற்றார், என்ர குரல், வேறொண்டும் இல்லை. எலேனா ஒவ்வொரு ஞாயிறும் என்னை முன்னால இருத்தி உச்சரிப்புத் திருத்தினவ. பிழைவிட்டால் தேத்தண்ணி தரமாட்டா. கொலம்பியாக்காரி மாதிரிப் பாடாதே, இந்த மொழியைப் பிறகு படிச்சவள் மாதிரியே பாடு, ஆனா சுத்தமாப் பாடு எண்டு சொல்லுவா.

கமிலா சோல் எண்டு போட்டால் கொஞ்சமாவது போகும் எண்டு லைப்சிக் ஆக்கள் கேட்டவை. மாட்டன் எண்டிட்டன். அட்டையில கம்சனா உமாபதி எண்டு இருக்கு. உள்ளுக்கு ஒரே ஒரு வரி: முன்பு கமிலா சோல் எண்ட பேரில பாடினவள், ஸ்டுட்கார்டில பிறந்தவள். அவ்வளவுதான். அப்பாவைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை.

ஒரு பத்திரிகை, ஏமாத்துக்காரி எண்டு எழுதினது. இணையத்தில இன்னும் கேவலமா எழுதினவை. கொலம்பியப் பெட்டை ஒருத்தி, ‘நீ எங்களை உடுப்பு மாதிரிப் போட்டுக் கழட்டினாய்’ எண்டு எழுதினவள். அவளுக்கு மட்டும் பதில் எழுதினன், மன்னிப்புக் கேட்டு. மற்றவைக்கு ஒண்டும் எழுதேல்லை. வெதுப்பகத்தில மனிசர் என்னைப் பார்த்தால் இப்ப ஓம் எண்டு சொல்லுறன்.

அறுபது கதிரை போடுற மண்டபங்களில பாடுறன். சில நேரம் இருபது பேர் வருகினம். தாயைப் பறிகுடுத்தவை, பிள்ளையைப் பறிகுடுத்தவை. முடிய வந்து கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம்.

அக்கா, நான் அம்மாவைப் பார்க்க வரலாமோ? வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு எழுதுங்கோ.

கம்சனா

*

ஸ்டுட்கார்ட்
17 மார்ச் 2024

கம்சனாவுக்கு,

நேற்று நீ ரெயில் ஏறேக்க ஒண்டும் சொல்ல ஏலாமல் போச்சு. அதால எழுதிறன்.

அம்மா உன்னை ரெண்டு நாளும் ‘கமிலா’ எண்டுதான் கூப்பிட்டவ. ‘கமிலாவுக்குத் தேத்தண்ணி குடு.’ ‘கமிலாவுக்குப் போர்வை போதுமோ?’ விருந்தாளியோட கதைக்கிற மாதிரி ‘வாங்கோ, இருங்கோ’ எண்டு. உன்ர முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. அவவுக்கு அறளை பெயர்ந்திட்டுது, நினைவு தடுமாறுது எண்டு நீ நினைக்கக்கூடாது. நல்ல தெளிவோடதான் இருக்கிறா. நீ போன பிறகு கேட்டன், ‘ஏனம்மா அப்படி?’ எண்டு. ‘அவ அயலட்டை எண்டெல்லோ சொன்னவ’ எண்டு சொல்லிட்டுக் கண்ணை மூடிட்டா.

நான் அம்மாவோட சண்டை பிடிச்சன். முதல் முறையா உனக்காகச் சண்டை பிடிச்சன். அதையும் சொல்லத்தான் வேணும்.

இனி வர மனமில்லையெண்டால் எனக்கு விளங்கும்.

அக்கா

*

பேர்லின்
22 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டு வருசம் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்தனான். ஒருநாளும் வலிச்சதில்லை. அம்மாவின்ர வாயில கேட்டப்பதான் அது எப்படிப்பட்ட பேர் எண்டு விளங்கினது.

அடுத்த மாசம் வாறன். அம்மா எப்படிக் கூப்பிட்டாலும் வாறன். எந்தச் சனிக்கிழமை உங்களுக்கு வசதி எண்டு எழுதுங்கோ.

அம்மாவோட சண்டை பிடிக்காதேங்கோ. அவ சொன்னதில பிழையில்லை.

கம்சனா

*

ஸ்டுட்கார்ட்
1 டிசெம்பர் 2024

அன்பு கம்சனாவுக்கு,

அம்மாவின்ர முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடிய நீ போயிட்டாய். வீட்டில இப்ப நான் மட்டும். மருந்துப் பெட்டியளை எடுத்து வைச்சிட்டன். திங்கக்கிழமை காலமை பழக்கத்தில அம்மாவின்ர சப்பாத்தை வாசலில எடுத்து வைச்சிட்டன், டயாலிசிசுக்குப் போக.

போகேக்க நீ கேட்டாய், அம்மா கடைசியில என்னைப் பற்றி ஏதும் சொன்னவவோ எண்டு. நான் சமையல் வேலை எண்டு உள்ளுக்குப் போயிட்டன். பொய் சொல்லலாமோ எண்டு யோசிச்சன். எங்கட இல்லத்தில செத்தவையின்ர பிள்ளையளுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறன். உங்களைத்தான் கடைசியா நினைச்சவ எண்டு. உனக்குச் சொல்ல மாட்டன். எங்கட வீட்டில சொன்ன பொய் போதும்.

அம்மா உன்னை மன்னிக்கேல்லை. ஒக்டோபரில, ஆஸ்பத்திரியில, நான் நேராவே கேட்டனான். ‘எட்டு மாசமா மாசம் தவறாமல் வாறாள். இன்னும் என்னம்மா?’ எண்டு. அவ சொன்னது இவ்வளவுதான்: ‘வந்தா வரட்டும். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா மறக்கச் சொல்லாதே. அந்த மனிசன் தன்ர பிள்ளையை இல்லையெண்டு சொல்லிப்போட்டு வந்து சோறு தின்றதை நான் பார்த்தனான்.’

கமிலா எண்டு கூப்பிடுறதை மட்டும் கோடையோட விட்டிட்டா. பேர் சொல்லாமல் ‘பிள்ளை’ எண்டு கூப்பிட்டவ. நர்ஸ் பிள்ளையளையும் அப்படித்தான் கூப்பிடுவா. அதால அதைப் பெரிசா எடுக்கிறதோ விடுறதோ எண்டு எனக்குத் தெரியேல்லை. நீயே எடுத்துக்கொள்.

இந்த முறை நீ முன் வரிசையில எனக்குப் பக்கத்தில நிண்டாய். பாடச் சொல்லி உன்னைக் கேக்கேல்லை எண்டு சில பேருக்குக் குறை. அண்டைக்கு நீ அம்மாவின்ர பிள்ளையா நிண்டால் போதுமெண்டு இருந்தது எனக்கு.

அக்கா

*

பேர்லின்
26 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கட கடிதம் வந்து எட்டுக் கிழமை. பொய் சொல்லாததுக்கு நன்றி. நீங்கள் மற்றதைச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டன். பிறகு உங்களையும் நம்பியிருக்க மாட்டன்.

போன கிழமை ஒரு வானொலிக்காரி பேட்டி எடுத்தவ. அந்த அல்பத்தைப் பற்றித்தான். ஒரு வருசமா ஆக்கள் மெல்ல மெல்லக் கேக்கினம், ஆஸ்பத்திரியளிலயும் போடினமாம். இந்த வருசம் இன்னொண்டு செய்யச் சொல்லி லைப்சிக்கில கேக்கினம். நட்சத்திரம் இல்லை, ஒண்டும் இல்லை. ஆனா வெதுப்பக வேலையை விட்டிட்டன். பாட்டே வேலையாப் போச்சு.

அந்த மனிசி உங்கட தாய் தகப்பன் எங்க எண்டு கேட்டா. ரெண்டு பேரும் செத்திட்டினம் எண்டு சொன்னன். இந்த வசனத்தை எத்தினை பேட்டியில சொல்லியிருப்பன் அக்கா. இப்பதான் அது உண்மை. அவ மைக்கை நிப்பாட்டிட்டுத் தண்ணி தந்தா. பிறகு பேரைக் கேட்டா. உமாபதி, கமலாம்பிகை. கிழக்கு பேர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில வந்து இறங்கினவை. அப்பா இருபத்தாறு வருசம் ஒரே குசினியில வேலை செய்தவர். இவ்வளவுதான் சொன்னன். அது பிழையெண்டால் என்னை ஏசுங்கோ.

வியாழக்கிழமை ஹம்பேர்க்கில கச்சேரி. மூண்டாவது பாட்டில குரல் நிண்டு போச்சு. திருப்பித் தொடங்கினன், திருப்பியும் நிண்டுது. ஒருத்தரும் எழும்பிப் போகேல்லை. அப்பிடியே இருந்தவை. மூண்டாம் முறைதான் முடிஞ்சுது.

ஒண்டு கேக்க வேணும். மாசத்தில ஒரு சனிக்கிழமை ஸ்டுட்கார்டுக்கு வந்து பழகிப் போச்சு. இந்த மாசம் அந்த நாள் வந்தப்ப பையை அடுக்கிப்போட்டு, எங்க போறன் எண்டு தெரியாமல் கட்டிலில இருந்தன். அம்மா இல்லை. இனி என்ன சாட்டுச் சொல்லி வாறது?

கம்சனா

*

ஸ்டுட்கார்ட்
30 ஜனவரி 2025

கம்சனா,

வானொலியைக் கேட்டன். அதில பிழையில்லை.

என்ன சாட்டெண்டு கேட்டிருக்கிறாய். ஒரு சாட்டும் வேண்டாம். பெப்ரவரி எட்டாம் தேதி நான் வேலைக்குப் போகேல்லை, வா. நானும் இந்த வீட்டில தனியத்தான் அழுதுகொண்டிருக்கிறன்.

அக்கா